விற்பவர்க்கும் உண்டு ஓர் அறம்

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிப் பத்துக் குறள்களைப் பாடிவைத்தார் திருவள்ளுவர். சைவ சமயமும் கள்ளுண்ணலைப் பெரும் பாதகங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஆனால் இவை பெரும்பாலும் உண்பவரை நோக்கிச் சொல்லப்பட்ட அறிவுரைகளாகவே நம் காதில் விழுகின்றன. அதனைக் காசுக்குக் கொடுப்பவருக்குரிய அறம் யாது? அதிலும், வாங்க வந்து நிற்பவன் பாடசாலைப் பருவம் கடவாத பிள்ளையாயின், விற்பவரின் கடமை என்ன? ஒவ்வொரு கிராமமும் இன்று சிந்திக்க வேண்டிய வினா இது.

சட்டத்தின் விடை தெளிவானது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானத்தையோ புகையிலைப் பொருளையோ விற்கக் கூடாதென விதித்துள்ளது. அக்கட்டளை விற்பவரை நோக்கியே இடப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. பிள்ளைக்கும் போத்தலுக்கும் இடையே நிற்கும் கடைசி மனிதர் அவரே என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கின்றது.

18 வயதில் வாக்களிக்க உரிமை பெற்றவனுக்கு 21 வயது வரை மதுவை மறுப்பது நியாயமா எனச் சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வாக்குரிமை ஒருவனுடைய சிந்தனையைப் பயன்படுத்தும்படி அழைக்கின்றது. மதுவோ அச்சிந்தனையையே மயக்குகின்றது. மனித மூளையின் வளர்ச்சி இருபது வயதைக் கடந்தும் தொடர்கின்றது என்றும், எதிர்விளைவை எண்ணித் தன்னை அடக்கிக் கொள்ளும் ஆற்றலே அதில் இறுதியாக முதிர்கின்றது என்றும் மருத்துவர் கூறுவர். சிறு வயதில் குடிக்கத் தொடங்குபவர் பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் வாய்ப்பும் அதிகம். சுதந்திரமாகத் தெரிவு செய்யும் ஆற்றல் முதிரும் முன்னரே அதனைப் பறிக்கக் கூடிய பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, 'அவன் விரும்பி வாங்கினான்' என்று சொல்வது நீதியாகாது.

விற்பவர் தரப்பில் சொல்லப்படும் முதற் சமாதானம், 'வயது தெரியவில்லை' என்பதாகும். பட்டினத்தில் இது ஓரளவு பொருந்தலாம். கிராமத்தில் பொருந்தாது. இன்னாருடைய பேரன், இந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதியவன், தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவன் என்றெல்லாம் அறிந்த கடைக்காரருக்கு அவனது வயது மட்டும் தெரியாமற் போவதெங்ஙனம்? அயலூரிலிருந்து வந்த முகமாயின், தேசிய அடையாள அட்டையைக் கேட்கலாம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டையே காட்டுகின்றன. ஒரு நொடிப் பார்வை போதும். அட்டை இல்லையெனின் விற்பனையும் இல்லை என்பதே நேர்மையான வழி. ஆகவே, குறைவது அறிவு அன்று, மறுக்கும் மனமே.

'தகப்பன்தான் வாங்கிவரச் சொன்னார்' என்பது இரண்டாவது சமாதானம். அது உண்மையாகவே இருந்தாலும், சட்டம் அதனால் தளர்வதில்லை. தன் போத்தலுக்குப் பிள்ளையைத் தூது அனுப்பும் தகப்பன், கடைக்குப் போகும் வழியை அவனுக்குத் தானே காட்டிக் கொடுக்கின்றார். கடைக்கு வெளியே நின்று, இளையவர்களிடம் காசு வாங்கி, உள்ளே சென்று வாங்கிக் கொடுக்கும் அண்ணன்மாரும் இந்த வரிசையிலேயே நிற்கின்றனர்.

மூன்றாவது, 'நான் கொடாவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான். அங்கும் இல்லையேல் கசிப்பைத் தேடுவான்' என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அடுத்தவர் செய்யக்கூடிய பிழை, தான் செய்யும் பிழைக்கு அனுமதி ஆகாது. கசிப்பைத் தடுப்பது ஊரும் பொலிஸாரும் தனியே ஆற்ற வேண்டிய பணி. மேலும், அனுமதி பெற்ற கடையில், ஊரறிந்த பெரியவர் ஒருவரின் கையிலிருந்து பெறும்போது, 'இது தவறன்று' என்ற பாடத்தையும் பிள்ளை சேர்த்தே பெறுகின்றான். அவர் மறுத்தால், அவன் வேறெங்கு சென்றாலும் அந்த மறுப்பு அவன் மனதில் ஒரு முள்ளாய் நிற்கும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவழியாலும் வந்து சேரும் என்பது நம் பெரியோர் கொள்கை. குடிப்பவன் செய்கின்றான், கொடுப்பவர் செய்விக்கின்றார், கண்டும் காணாதிருக்கும் ஊர் உடன்படுகின்றது. வணிகருக்குரிய நெறியை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். பிறர் பொருளையும் தம்முடையதாகக் கருதிப் பேணுவதே வாணிகம் என்பது அவர் கருத்து. பொருளுக்கே அந்நெறியாயின், பிறர் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும்! தன் மகனுக்கு எடுத்துக் கொடுக்கக் கை கூசும் ஒன்றை அயலார் மகனுக்கு எடுத்துக் கொடுக்கலாமா என்ற ஒரு கேள்வியே போதுமான அளவுகோல்.

எனினும் பாரம் முழுவதையும் கடையில் நிற்பவர் தலையில் ஏற்றுவதும் முறையன்று. நாட்கூலிக்கு நிற்கும் ஊழியர், கூட்டமாக வரும் இளைஞரிடம் 'இல்லை' என்று சொல்ல அஞ்சுவது இயல்பே. 'மறுத்ததற்காக உன் வேலை போகாது' என்று முதலாளி முன்கூட்டியே உறுதி கூற வேண்டும். மறுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் கடைக்காரரோடு சண்டைக்குச் செல்லாமல் நன்றி சொல்ல வேண்டும். சனசமூக நிலையமும் ஆலய பரிபாலன சபையும் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தொடர்ந்து விதியை மீறுபவரை மதுவரித் திணைக்களத்துக்கோ பொலிஸாருக்கோ அறிவிக்கத் தயங்கலாகாது.

ஆலயத்துக்குச் செய்யும் உபயம் பெரும் புண்ணியம். ஆயினும், கடையில் ஒரு பிள்ளைக்கு இழைத்த தீங்குக்கு அது ஈடாகாது. சந்நிதியில் கூப்பிய அதே கைதான் கடையிலும் நீள்கின்றது. அங்கும் அது தூய்மையாய் இருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.