மெருகும் மெய்யும்

அரியலூரில் நமக்கு நெடுநாள் பழகிய அன்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற பழங்காசுகளைத் துணிப்பையில் முடிந்துகொண்டு நம்மிடம் வந்தார். அவற்றுள் ஒன்று முதலாம் இராசராசனின் செப்புக்காசு. ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் மன்னன் பெயரும். ஆனால், அது நேற்று அச்சிட்டது போலப் பளபளத்தது. "விற்பதற்காக வீட்டில் புளியிட்டுத் துலக்கினார்கள். இதை வாங்குபவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?" என்று வினவினார். அவ்வினாவை அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

துலக்கிய காசை அறிவது எங்ஙனம்? ஆண்டுகள் பல கடந்த செம்பு, பழுப்பாகவோ கருமையாகவோ பசுமையாகவோ மாறியிருக்கும். புளியும் எலுமிச்சையும் பட்ட செம்பு இளஞ்சிவப்பாய் விழிக்கும். மேடான பகுதிகள் மின்ன, எழுத்துகளின் இடுக்குகளில் மட்டும் பழைய கருமை தங்கியிருக்கும். உருப்பெருக்கியில் நோக்கினால் தேய்த்த திசையிலே மெல்லிய கீறல்கள் வரிவரியாய்த் தோன்றும். கடும் அமிலம் பட்டதாயின் பரப்பு நுண்குழிகளோடு சொரசொரக்கும். தேயாத வெள்ளி ரூபாயை விளக்கின் கீழ்த் திருப்பினால் ஒளிக்கதிர் அதன்மேல் சுழன்று ஓடும். மெருகிட்ட ரூபாயிலோ ஒளி எங்கும் ஒரேபடியாய் நிற்கும்.

மாசு நீக்குவது நன்றன்றோ எனலாம். உயிரைப் பற்றிய வினையைச் சுரங்கப் பொன்னோடு கலந்த கல்லுக்கு ஒப்பிடுவது நம் மரபு. அக்கல் பொன்னுக்கு அயலானது. நீக்கினால் பொன் குறையாது. காசின்மேற் படிந்த நிறமோ அச்செம்பே காற்றோடும் மண்ணோடும் கலந்து மாறியது. அதனைச் சுரண்டினால் காசின் மேற்பரப்பும் எழுத்தின் கூர்மையும் உடன் கழியும். ஆதலின் மூடியிருப்பவை எல்லாம் மாசு அல்ல. வெளிர்பச்சைத் தூளாய் உதிர்ந்து செம்பையே அரிக்கும் நோயை அருங்காட்சியக வல்லுநர் நீக்குகின்றனர். அவர்கள் செய்ததை எழுதியும் வைக்கின்றனர். அங்கே தூய்மையும் வாய்மையும் பிரியவில்லை.

அறியாமல் துலக்கியது பிழையே ஆயினும் பாவம் அன்று. அறிந்தபின் மறைப்பதுதான் ஆராயத்தக்கது. தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமை விரதத்தின் குற்றங்கள் ஐந்தனுள் ஒன்றாகப் போலிப் பண்டத்தை நற்பண்டமாக விற்பதைக் கூறுகிறது. நம் அன்பரின் காசு போலியன்று. ஆனால் துலக்கியதைத் துலக்காததாக நம்பவைத்துப் பெறும் மிகைவிலை, கேளாமல் எடுத்த பொருளன்றோ? வாங்குபவர் கேட்கவில்லை என்பதும் விடையாகாது. அவருக்குக் கேட்கத் தெரியாது என்பதை நாம் அறிவோம்.

இராசேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்டசோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அங்கும் பெரம்பலூர்ப் பகுதியிலும் ஏர் ஓட்டுகையில் புதையல் அகப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்டதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். அத்தகைய காசைத் துலக்குவோர், அது கிடந்த மண்ணின் சான்றையும் கழுவிவிடுகின்றனர். அவ்விழப்பு ஒருவருடையதன்று, நாட்டினுடையது.

நம் அன்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். மகளின் படிப்புச் செலவுக்காகவே விற்க வந்தவர் அவர். பின்னர் ஒரு துண்டுத்தாளில், "புளியால் துலக்கப்பட்டது" எனத் தம் கைப்பட எழுதிக் காசோடு வைத்தார். அவர் எதிர்பார்த்ததில் பாதியளவே விலை கிடைத்தது. மீதிப் பணத்திற்குக் கடன் வாங்க நேர்ந்தது. வாய்மைக்கு உடனே பயன் கிட்டும் என நாம் யாருக்கும் சொல்ல இயலாது. அந்தத் துண்டுத்தாள் காசோடு போய்விட்டது. அதன்மேல் எழுதியது பொய்யில்லை என்ற ஒன்றே அன்பரிடம் எஞ்சியது. நம் வீட்டுப் பெட்டியிலும் கடையிலும் அத்தகைய துண்டுத்தாள் வைக்கவேண்டிய பொருள்கள் எத்தனை உள்ளன என்பதைச் சிந்திப்போமாக.