புகையில்லையேல் பகையில்லையா?

இரவில் உண்ணாமையையும் நீரை வடிகட்டிப் பருகுதலையும் நம் இல்லங்கள் வழிவழியாகக் காத்து வருகின்றன. அவ்வில்லங்கள் சிலவற்றில், உணவு முடிந்து வெற்றிலைப் பெட்டி திறக்கப்படும்போது பாக்குடன் புகையிலையும் கைக்கு வருகிறது. கேட்டால், "இதில் புகை இல்லை, பிறருக்குத் துன்பம் இல்லை, நூல்களில் இது விலக்கப்படவும் இல்லை" என்பர். இம்மூன்று விடைகளையும் நாம் நடுநின்று ஆராய்வோம்.

புகை இல்லை என்பது உண்மை. நஞ்சு இல்லை என்பது உண்மையன்று. கன்னத்தில் அடக்கிய புகையிலையின் நிகோடின், வாயின் மென்தோல் வழியே குருதியில் கலக்கிறது. நாடித்துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, குழாய்கள் சுருங்குகின்றன. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றுக்குக் காரணமாவதைப் பலரும் அறிவர். இதயத்தைத் தாக்குவதை அறிந்தோர் சிலரே. 52 நாடுகளில் நடத்தப்பெற்ற 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. புகையிலையைத் தொடாதவரினும் மெல்வோர்க்கு மாரடைப்பு வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்றும், மெல்வதோடு புகைப்போர்க்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும் அவ்வாய்வு காட்டிற்று.

நூல்களில் இல்லை என்பதும் விடையாகாது. புகையிலை அமெரிக்க மண்ணின் செடி. போர்த்துக்கீசியர் வழியே இந்நாடு புகுந்தது. தாம் காணாத ஒன்றை நம் பண்டை ஆசாரியர்கள் எங்ஙனம் பெயர் சுட்டி விலக்குவர்? எனினும் அளவுகோலைத் தந்து சென்றுள்ளனர். விழிப்பின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். பிற உயிரை ஓம்பும் நாம், நம் உயிரை மட்டும் அக்கணக்கினின்று நீக்கலாமோ?

பிறருக்குத் துன்பமில்லை என்னும் விடையே நம்மை மிகுதியும் வருத்துகிறது. குடும்பத் தலைவர் மாரடைப்பால் மறைந்தால் துயருறுவோர் யார்? பாட்டனாருக்குப் புகையிலை வாங்கக் கடைக்கு அனுப்பப்படும் பெயரன் கற்பது யாது?

இப்பழக்கம் உடையோரை நாம் இகழவில்லை. நிகோடின் மனத்தையும் உடலையும் பிணிப்பது. விடுபட மருத்துவர் துணையை நாடுதலில் இழிவில்லை. கால எல்லை வகுத்து நியமம் ஏற்பது நம் மரபு. இன்று ஒரு நாள், பின்னர் ஒரு பட்சம், பின்னர் ஒரு சாதுர்மாசம் எனத் தொடங்குவோம். எறும்புக்கும் இரங்கும் நெஞ்சம், தன் இதயத்துக்கும் இரங்குக!