கையொப்பம் தேவையில்லை

ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குத் தீங்கு செய்தால், செய்தவன் யார் என்று கேட்கலாம். அவனை நிறுத்தி நியாயம் பேசலாம். ஒருவரும் செய்யாமலே ஒரு தீங்கு நேருமாயின், யாரிடம் போய் நியாயம் கேட்பது? இது வேலையற்றோர் பொழுதுபோக்காக எழுப்பும் தர்க்கக் கேள்வியன்று. பெட்டாலிங் ஜெயாவின் அலுவலக மாடிகள் தொடங்கி நம் தோட்டத்து அலுவலகங்கள் வரையில் இன்று நாள்தோறும் எழுகின்ற கேள்வியாகும். ஆதலின் இதனைச் சற்று ஆராய்வோம்.

பெட்டாலிங் ஜெயா எவ்விடத்தில் எழுந்த நகரம் என்பதை வாசகருட் பலர் அறிவர். 1950-களின் தொடக்கத்தில், எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில் வகுக்கப்பட்ட நகர் அது. பால்மரம் நின்ற மண்ணில் இன்று பல மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. தோட்டக் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்களும் அவற்றுள் உண்டு. பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவதும், செக்ரோலில் பெயர் பதிவதும், மாத முடிவில் சம்பளக் கணக்குப் போடுவதும் ஆகிய வேலைகள் யாவும் இப்போது அங்கிருந்து இயங்கும் மென்பொருளின் வேலையாயின. நாமோ ஒரு தோட்டத்துக் கிராணி. அம்மென்பொருளுக்கு இந்தக் கோடியில் கை கொடுக்கும் பலருள் ஒருவர்.

மனிதவள இலாகாவின் அலுவல்களைத் தாமே நடத்திவிடும் இம்முறைகள் பலவாயினும், நாம் கண்ட அளவில் அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கைமாற்று முறை. தொழிலாளி விடுமுறை கேட்டால், அவ்விண்ணப்பம் மண்டோரிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து மானேஜருக்கும், அவரிடமிருந்து தலைமை அலுவலகத்துக்கும் தானே போய்ச் சேரும். புதிதாய்ச் சேர்பவரின் பத்திரங்களும், விலகிச் செல்பவரின் கணக்கும் இவ்வழியே நகரும். தாளைத் தூக்கிக்கொண்டு அலைவது ஒழிந்ததேயன்றி, தீர்ப்புச் சொல்பவன் இங்கே இன்னும் மனிதனே.

இரண்டாவது, நாள் முறை. குறித்த தேதி வந்தால் குறித்த காரியம் நடக்கும். ஊழியர் சேமநிதிப் பணம் மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்தப்படவேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி காலங்கடவாமல் புதுப்பிக்கப்படவேண்டும். இவற்றை மனிதன் மறப்பான், இயந்திரம் மறவாது.

மூன்றாவது, விதி முறை. இன்னது நேர்ந்தால் இன்னது செய்க என்று முன்னரே எழுதி வைத்துவிடுவது. வேலை நேரம் மிஞ்சினால் மிஞ்சிய நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி சேர். சொல்லாமல் நின்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பு. இங்கே தீர்ப்பு நாளில் தீர்ப்பாளி இல்லை. என்றோ ஒரு நாள் எங்கோ ஒருவர் எழுதிய விதியே தீர்ப்பு.

நான்காவது, மதிப்பெண் முறை. பழைய கட்டுகளையெல்லாம் இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்து, வேலைக்கு வரும் புதிய விண்ணப்பங்களுக்கு மதிப்புப் போடச் சொல்வது. விதியை எழுதியவர் என்று ஒருவரும் இதில் இல்லை. இயந்திரமே பழைய வழக்கத்தைப் பார்த்துத் தனக்கு விதி செய்துகொள்கிறது.

வகை ஏற ஏற, விடை சொல்லவேண்டிய மனிதன் ஒவ்வொரு படியாகப் பின்வாங்குவதை வாசகர் கவனிக்க வேண்டும். நம் கேள்வி பிறப்பது இங்கேதான்.

நிற்க, இயந்திரத்தைப் பழிப்பதே நம் நோக்கம் என்று எவரும் கொள்ளற்க. பழைய முறையின் அழகு நமக்குத் தெரியாததன்று. பெரட்டுக்கு வந்து நின்ற தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. காய்ச்சலில் கிடந்தவனையும் எழுப்பி நிறுத்துவதில் அவனுக்கு இலாபம் இருந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவி பெற்று வரும் கூலிக் குடியேற்றத்தை நிறுத்தியபோது, கங்காணி ஆள் கொண்டுவரும் வழக்கமும் முடிவுற்றது. ஆனால் முகம் பார்த்துப் பெயர் போடும் வழக்கம் அதனோடு முடியவில்லை. வேண்டியவனுக்கு முழு நாள், வேண்டாதவனுக்கு அரை நாள். கோழி கொண்டுவந்தவனுக்கு இலேசான வேலை, எதிர்த்துப் பேசியவனுக்கு மேட்டு நிலத்து வேலை. சாதி பார்த்தும், ஊர் பார்த்தும், உறவு பார்த்தும் கிராணியின் பேனா வளைந்த காலம் உண்டு. நாமும் அக்கூட்டத்தாரே ஆதலின் மறைக்காமல் சொல்லுகிறோம். இயந்திரம் சாதி கேட்பதில்லை, கோழி தின்பதில்லை. இந்த அளவுக்கு அது நமக்குத் தோழனே.

இனி, சென்ற ஆண்டு நம் கண்முன் நடந்த ஒன்றைக் கூறுவோம். நம் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் வேலை செய்கின்ற ஓர் அம்மையாரின் பெரியம்மா கிள்ளானில் காலமானார். பெற்ற தாயைச் சிறு வயதிலேயே இழந்த அவ்வம்மையாரை எடுத்து வளர்த்து, மணம் முடித்துக் கொடுத்தவர் அந்தப் பெரியம்மாதான். இரவில் செய்தி வந்தது. மண்டோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். மூன்று நாள் கழித்துத் திரும்பியதும், மகனுடைய உதவியால் கைப்பேசியில் இழவு விடுமுறைக்கு விண்ணப்பம் போட்டார். இறந்தவர் யார் என்று மென்பொருள் கேட்டது. கணவன் அல்லது மனைவி, தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தார் என்று ஒரு பட்டியலையும் காட்டியது. பெரியம்மா என்னும் சொல் அதில் இல்லை. மகன் ‘பிறர்’ என்பதை அழுத்தினான். அந்தக் கணமே விண்ணப்பம் தள்ளப்பட்டது.

“தாய் என்று போட்டிருக்கலாமே, அக்கா” என்றோம் நாம்.

“பெற்றவள் போய் முப்பது வருஷம் ஆயிற்றே, ஐயா. விடுமுறைக்காக அவளை இன்னொரு முறை சாகடிப்பதா?” என்றார் அவர்.

மூன்று நாளும் சொல்லாமல் நின்றதாகப் பதிவாயிற்று. அம்மாதத்து வருகைப் படி நின்றது. மறுநாட் காலையில், ஏன் உம்மேல் நடவடிக்கை எடுக்கலாகாது என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் நம் அலுவலகத்து அச்சுப்பொறியிலிருந்து தானே வந்து விழுந்தது. அதனை நாம் எழுதவில்லை. மானேஜர் படிக்கவும் இல்லை. ஆயினும் கொண்டுபோய்க் கொடுத்தவர் நாமே. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை யார் எழுதியது, ஐயா?” என்று கேட்டார். நாம் கடைசி வரியைப் படித்துக் காட்டினோம்: இது கணினியில் ஆக்கப்பட்ட கடிதம், கையொப்பம் தேவையில்லை.

யார் எழுதியது என்று அதன்பின் நாமே தேடினோம். தலைமை அலுவலகத்தார் மரியாதையோடு பேசி, அது மென்பொருளின் முடிவு என்றார்கள். மென்பொருள் செய்தவர்கள், உறவுப் பட்டியல் இலாகா தந்தது என்றார்கள். இலாகாவினர், பழைய விதிப்புத்தகத்தில் இருந்ததைத்தான் தந்தோம் என்றார்கள். விதிப்புத்தகம் எழுதிய குழுவினரில் இப்போது எவரும் வேலையில் இல்லை. இவர்களுள் ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் கொடியவரல்லர். ஒரு தீங்கைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொருவர் பங்கும் அவரவர் கண்ணுக்கே தெரியாத அளவு சிறுத்துப்போகிறது. பெறுபவர்மேல் விழும்போது மட்டும் அது முழுத் தீங்காகவே விழுகிறது. கடிதத்தைக் கொடுத்த நம் பங்கையும் இதில் சேர்த்தே சொல்லுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? இழவு விடுமுறை கொடுத்தே தீரவேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இல்லை. அது கம்பெனியின் மனமுவந்த சலுகை. ஆனால் வேலைக்கு வராமையைப் பற்றி அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு பேசுகிறது. முன் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். ஆனால் தக்க காரணம் இருந்து, அதனை முதலாளிக்குத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருந்தால் அப்படிக் கருதலாகாது. குற்றம் சாட்டி வேலையினின்று நீக்குவதற்கு முன் தக்க விசாரணை வேண்டும் என்று 14-ஆம் பிரிவு கூறுகிறது. சட்டத்தில் எண்ணும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. மென்பொருள் எண்ணை எடுத்துக்கொண்டது, காரணத்தை விட்டுவிட்டது. மண்டோருக்கு வந்த தொலைபேசிச் செய்தியை அது அறியாது. அறிய ஒரு கட்டமும் அதில் இல்லை.

இங்கே ஒரு தடை எழக்கூடும். காரணம் கேட்கும் செவிதானே கோழிக்கும் வளைந்த செவி? மனிதனை மீண்டும் உள்ளே விட்டால் பழைய கிராணியும் கூடவே வருவானே? இத்தடை நியாயமானதே. ஆயினும் பழைய கிராணியின் குற்றம் காரணம் கேட்டது அன்று; காரணம் சொல்லாமல் முடிவு செய்தது. அதிகாரம் இருந்தமையால் கங்காணி விடை சொல்லவில்லை. வாய் இல்லாமையால் இயந்திரம் விடை சொல்லவில்லை. தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றே. முடிவைச் செய்தவர் காரணத்தை எழுதி, தம் பெயரைக் கீழே போட்டுவிட்டால், நீக்குப்போக்கு நியாயமா தாட்சணியமா என்பதைப் பிறர் பார்த்துச் சொல்லிவிடலாம். முகம் பார்க்கும் நோய்க்கு மருந்து முகமே இல்லாமற் செய்வது அன்று, கையொப்பம் கேட்பதே.

இது நம் ஒரு தோட்டத்துக் குறை மட்டுமன்று. பிரிட்டனில் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் காட்டிய பொய்க் குறைவை நம்பி, 1999 முதல் 2015 வரையில் 900-க்கும் மேற்பட்ட அஞ்சல் நிலையப் பொறுப்பாளர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். கணினி பொய் சொல்லாது என்பதே அவர்களுக்கு எதிரான வாதம். 2024-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அவர்களுட் பெரும்பாலோர்மேலிருந்த பழி நீக்கப்பட்டது. அமேசான் கம்பெனி வேலை விண்ணப்பங்களை மதிப்பிடச் செய்த கருவி, ஆண்களே மிகுந்திருந்த பழைய கட்டுகளைப் படித்ததால், பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தியது என்பது 2018-இல் வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டம், ஒருவர் வாழ்வைப் பெரிதும் தாக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே செய்யலாகாது என்னும் பொது விதியை வகுத்து, விதிவிலக்குகள் சிலவற்றில்கூட மனிதர் ஒருவர் தலையிட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்கும் உரிமையைக் கொடுத்தது.

நாம் வேண்டுவது மூன்றே. கொடுப்பதை இயந்திரம் தாராளமாகத் தானே கொடுக்கட்டும். மறுப்பதையும் தண்டிப்பதையும் ஒரு மனிதர் பார்த்துத் தம் பெயரால் செய்யவேண்டும். மறுப்பின் காரணம், பெறுபவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படவேண்டும். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைசிக் கைக்கு, அதை நிறுத்தி வைத்து மேலே கேட்கும் உரிமை வேண்டும்.

அவ்வம்மையாரின் செய்தி முடிவைச் சொல்லி நிறுத்துவோம். நாம் நடந்ததையெல்லாம் கையால் எழுதி மானேஜரிடம் வைத்தோம். அவர் மண்டோரைக் கூப்பிட்டுக் கேட்டார். பின்பு விண்ணப்பத்தின் ஓரத்தில், “வளர்த்த தாய், அனுமதிக்கப்பட்டது” என்று எழுதிக் கையொப்பமிட்டார். நின்ற படி மறுமாதம் வந்தது. பட்டியலில் இன்னும் பெரியம்மா சேரவில்லை, அதற்காக எழுதிக்கொண்டேயிருக்கிறோம். அன்று முதல், கணினி தரும் எச்சரிக்கைக் கடிதம் எதையும் நாம் படித்துப் பார்த்து நம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டே கொடுக்கிறோம். கையொப்பமிட மனம் ஒப்பாத கடிதத்தை மானேஜரிடமே திருப்பிவிடுகிறோம். தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள வாசகர்களே, உங்களை மறுக்கும் கடிதம் ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், இதில் யார் கையொப்பமிடுவார் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.