பறை வேண்டி வந்தவர்கள் பெற்ற பேறு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஐப்பசியில் தீபாவளி தொடங்கித் தைத் திங்களில் சங்கராந்தி வரையில் உள்ள காலம் பண்டிகைகள் நிறைந்தது. இக்காலத்தில் புத்தாடை, பொன்னாபரணம், பாத்திரம், கைப்பேசி என்று பொருள்களை வாங்குவதே பண்டிகை என்னும்படி ஆகிவிட்டது. தள்ளுபடி என்ற சொல்லில் மயங்கி, வேண்டாததையும் தவணையில் வாங்கிய குடும்பத்தலைவன் அடுத்த பண்டிகை வரையில் அக்கடனை அடைத்துக்கொண்டிருக்கிறான். ஆயினும் மனத்தில் எஞ்சுவது நிறைவன்று. அடுத்த வீட்டில் உள்ளது தன் வீட்டில் இல்லையே என்னும் குறையே. இந்நோய்க்கு மருந்து யாது?

மார்கழி முப்பது நாளும் அநுஸந்திக்கப்படும் திருப்பாவையிலே ஆண்டாள் நாச்சியார் இதற்கு விடை அருளியுள்ளாள். 2ஆம் பாசுரத்தில் ஆயர்குலச் சிறுமியர் நோன்பின் நியமங்களைக் கூறுகின்றனர். நெய்யும் பாலும் விலக்கு. மையும் மலரும் விலக்கு. கோள் சொல்லுதலும் விலக்கு. பால்வளம் பொங்கும் ஆய்ப்பாடியில் பாலை விடுவது வறுமையினால் அன்று. இவற்றை விட்டதோடு அமையாது, தக்கோர்க்குக் கொடுப்பதையும் இரப்போர்க்கு இடுவதையும் நோன்பின் அங்கமாகவே கொண்டனர்.

உண்பதும் உடுப்பதும் குற்றம் என்பது நாச்சியாரின் திருவுள்ளமோ எனின், அன்று. விட்ட பாலும் நெய்யும் 27ஆம் பாசுரத்தில் பாற்சோறாகத் திரும்ப வருகின்றன. வளையும் தோடும் பாடகமும் அணிந்து, ஆடை உடுத்து, கண்ணனோடு ஒன்றாய் அமர்ந்து உண்டு மகிழ அவர்கள் விழைகின்றனர். கூடாரவல்லி நாளில் அக்காரவடிசில் ஸமர்ப்பிக்கும் வழக்கம் இதனை ஒட்டியதே. பொருள்கள் மாறவில்லை, நோக்கமே மாறியது. தனித்து நுகர்ந்தால் அது வெறும் போகம். எம்பெருமானுக்கு அமுது செய்வித்து அடியாரோடு பகிர்ந்தால் அதுவே பிரஸாதம்.

நாச்சியாருக்கும் பெரிய ஆசை ஒன்று இருந்தது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஸமர்ப்பிக்க வேண்டும் என்பதே அது. அவ்வாசையைப் பின்னர் எம்பெருமானார் நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, நாச்சியார் அவரை அண்ணன் என்று அழைத்து உகந்தாள் என்பது பெரியோர் கூறும் வரலாறு. பெறும் ஆசை பகையை வளர்க்கும்; கொடுக்கும் ஆசை உறவைத் தரும்.

முதற்பாசுரத்திலிருந்தே பறை வேண்டி நின்ற அச்சிறுமியர், 29ஆம் பாசுரத்தில், தாங்கள் வந்தது அதற்கன்று என்கின்றனர். எல்லாப் பிறவியிலும் அவனுக்கு உறவாயிருந்து அவனுக்கே கைங்கர்யம் செய்வதே வேண்டுமென்று விண்ணப்பிக்கின்றனர். பிற ஆசைகளைத் தாங்களே வென்றுவிட்டதாகவும் அவர்கள் சொல்லவில்லை; அவற்றை மாற்றியருளுமாறு அவனையே வேண்டுகின்றனர். கடைவீதியில் மனவுறுதி தளரும் ஸம்ஸாரிகளுக்கு இதனினும் பெரிய ஆறுதல் ஏது?

ஆகவே, ஆஸ்திகர்கள் பண்டிகைக்குப் பொருள் வாங்குமுன், இது யாருக்காக என்று ஒருகணம் சிந்திப்பாராக. கடன்பட்டு வாங்கும் மூன்றாவது ஆடையை விடுத்து, இல்லாதார் வீட்டுக் குழந்தைக்கு ஓர் ஆடை அளிப்பாராக. திருவிளக்குக்குச் சிறிது எண்ணெய், எம்பெருமானுக்கு ஒரு மாலை, வாசலில் வந்தவருக்கு ஒருபிடி அன்னம் ஆகிய இவற்றுக்குத் தவணை வேண்டுவதில்லை. இவை தரும் நிறைவு மறுநாள் குறைவதுமில்லை.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.