உரோமாபுரியில் எங்கே தங்குவது?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில் முகப்பில் நம் பங்குக் குடும்பம் ஒன்று நின்று பேசிக்கொண்டிருந்தது. உரோமாபுரிக்குத் திருயாத்திரை போக ஏற்பாடு. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். எந்தெந்தத் தேவாலயங்களைச் சந்திப்பது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. எங்கே தங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

"யாத்திரை என்றால் ஒறுத்தல் வேண்டும். ஊருக்கு வெளியே மலிவான அறை போதும், நடந்து போவோம்" என்றார் குடும்பத் தலைவர். "பழைய நகரத்தின் நடுவிலே ஒரு முழு வீடு வாடகைக்குக் கிடைக்கிறது, அப்பா. சமையலறை உண்டு. நம் இஷ்டம்போல் போகலாம், வரலாம்" என்றான் மூத்த மகன். "கன்னியாஸ்திரிகள் மடத்தில் தங்கினால் ஒரு பாதுகாப்பு" என்றார் தாயார். எழுபது வயதைத் தாண்டிய பாட்டியம்மாள் மட்டும், "நான் எங்கே படுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது. காலையில் பூசைக்கு நடந்து போக என் முழங்கால் இடம் கொடுக்குமா? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "இதிலே பாவ புண்ணியம் ஏதாவது உண்டா, அல்லது வெறும் பண விஷயந்தானா?" என்று கேட்டார்கள். "உங்களுக்கு எது வசதியோ அதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பதில் என் மனதை உறுத்தியது. அது பதிலே அல்ல. பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்ட வழி. ஆதலால் அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்ல முயலுகிறேன்.

இக்கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததல்ல. 1300-ம் ஆண்டில் எட்டாம் போனிபாசியார் என்னும் பாப்பரசர் முதலாவது ஜூபிலி ஆண்டை அறிவித்தபோது, பரிபூரண பலனை அடைய விரும்பும் உரோமாபுரி வாசிகள் முப்பது நாளும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பதினைந்து நாளும் அர்ச். இராயப்பர், அர்ச். சின்னப்பர் பேராலயங்களைச் சந்திக்க வேண்டுமென்று விதித்தார். பதினைந்து நாள் என்றால் படுக்க இடம் வேண்டுமன்றோ? அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்திலிருந்து வந்த சாக்சன் யாத்திரிகர் இராயப்பர் பேராலயத்தின் அருகில் தங்களுக்கென ஒரு குடியிருப்பை அமைத்துக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் வழங்கும் 'போர்கோ' என்ற பெயர் அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததே. அதே இடத்தில் மூன்றாம் இன்னொசெந்து பாப்பரசர் 1198-ம் ஆண்டில் இஸ்பிரீத்து சாந்து ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். யாத்திரிகருக்கு இடம் கொடுப்பது தர்மக் கிரியை என்பது திருச்சபைக்கு எப்போதும் தெரியும். இடம் தேடுகிற யாத்திரிகருக்கும் ஒரு கடமை உண்டு என்பதைத்தான் நாம் அதிகம் நினைப்பதில்லை.

முதலில், "கோவிலுக்கு எவ்வளவு அருகில் தங்குகிறோமோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணத்தைப் பார்ப்போம். சுவேதிய நாட்டு அர்ச். பிரிஜித்தம்மாள் 1350-ம் ஆண்டின் ஜூபிலியை முன்னிட்டு உரோமாபுரிக்கு வந்தாள். வந்தவள் 1373-ல் மரிக்கும் வரையில் அந்நகரையே தன் ஊராகக் கொண்டாள். அவள் உயிர்விட்ட வீடு பர்னேசே சதுக்கத்தில் இருக்கிறது. இராயப்பர் பேராலயத்திலிருந்து தைபர் நதியைக் கடந்துதான் அங்கே போகவேண்டும். இன்றும் அவள் பெயர் கொண்ட சபைக் கன்னியர் அவ்வீட்டில் யாத்திரிகரை ஏற்றுவருகிறார்கள். நதிக்கு அப்பால் இருந்ததால் அவளுடைய பக்தி ஏதும் குறைந்துபோயிற்றா? இல்லை. கோவிலுக்கு அருகாமை நல்லதுதான். ஆனால் அது கால்களுக்கு உதவி. ஆத்துமத்துக்கு அளவுகோல் அல்ல.

இரண்டாவதாக, ஒறுத்தல். இதற்கு அர்ச். பெனதிக்து சூசை லாபரைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. பிரான்சு தேசத்தில் 1748-ல் பிறந்த இவர், மடங்களில் சேர முயன்று, உடல் நலம் இடங்கொடாமையால் திருப்பி அனுப்பப்பட்டு, கால்நடையாகவே ஐரோப்பாவின் திருத்தலங்களைச் சுற்றி, கடைசியில் உரோமாபுரியில் தங்கினார். தங்கினார் என்றால் எங்கே? கொலோசியம் என்னும் பழைய அரங்கின் இடிபாடுகளில், ஒரு வளைவின் கீழே. நாற்பது மணி ஆராதனை எந்தக் கோவிலில் நடக்கிறதோ அங்கே பகல் முழுவதும் முழங்காலில் இருப்பார். 1783-ம் ஆண்டு பெரிய வாரத்தின் புதன்கிழமை, கோவிலுக்கு எதிரே மயங்கி விழுந்தார். அருகிலிருந்த ஓர் இறைச்சிக்கடைக்காரர் வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, அங்கேயே மரித்தார். 1881-ல் அர்ச்சியசிஷ்டராகப் பிரசித்தம் செய்யப்பட்டார்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நாமும் கல்லின் மேல் படுப்போம்" என்று புறப்படலாமா? இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாபர் தம் சொந்த உடலையே ஒறுத்தார். வேறொருவருடைய முழங்காலைக் காணிக்கையாக வைக்கவில்லை. தகப்பன் தன் பக்திக்காகத் தன் வயோதிகத் தாயை நாள்தோறும் மைல் கணக்காக நடக்க வைத்தால், அந்தத் தவம் யாருடையது? தவத்தின் பெருமை மகனுக்கு, வலி தாய்க்கு. பிறருடைய ஒறுத்தலை நாம் ஒப்புக்கொடுக்க முடியாது. மேலும் அந்த மகானும் கடைசியில் ஒருவருடைய வீட்டுக் கட்டிலில்தான் உயிர்விட்டார் என்பதை மறக்கலாகாது. பிறருடைய தயவை ஏற்றுக்கொள்வதும் தாழ்ச்சியே.

மூன்றாவதாக, வசதி. வசதியை விரும்புவது பாவமல்ல. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பும், நோயாளிக்கு ஏறி இறங்க மின்தூக்கியும் தேவையே. ஆனால் மகன் சொன்ன அந்த முழு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உரோமாபுரியின் பழைய நகரில் குடியிருப்போர் தொகை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நகரத்தார் வாழ்ந்த வீடுகள் பல, சில நாள் வந்து தங்குவோருக்கு வாடகைக்கு விடும் இல்லங்களாக மாறிவிட்டன. மாத வாடகைக்காரரைவிட நாள் வாடகைக்காரரால் அதிக வருமானம் கிடைக்கிறது. ஆதலால் ஆசிரியரும், தொழிலாளியும், புதிதாய் மணமுடித்தவர்களும் நகரின் ஓரத்துக்குப் போகிறார்கள். வாசலில் வரவேற்க ஆளில்லை; எண்களை அழுத்தினால் திறக்கும் சிறு சாவிப் பெட்டி மட்டும் தொங்குகிறது. 2025-ம் ஆண்டின் ஜூபிலி நெருங்கியபோது, 2024-ன் கடைசி மாதங்களில், அந்தச் சாவிப் பெட்டிகளை எதிர்த்து நகரவாசிகள் சிலர் கிளர்ச்சி செய்தார்கள். பாவப் பொறுத்தலுக்காக மக்கள் வருகிற ஆண்டைக் கண்டு அந்நகரத்து ஏழைக் குடும்பம் அஞ்ச நேரிட்டால், அது வருந்தத்தக்கதன்றோ?

இதுவும் புதிதல்ல. இராயப்பர் சதுக்கத்துக்கு நேராகச் செல்லும் அகலமான வீதியை நாம் படங்களில் பார்த்து மகிழுகிறோம். அந்த வீதிக்காக 1936-ம் ஆண்டில் போர்கோவின் நடுவிலிருந்த வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள்; 1950-ன் பரிசுத்த ஆண்டுக்கு வேலை முடிந்தது. அங்கே குடியிருந்த பலர் நகருக்கு வெளியே போகவேண்டியதாயிற்று. நாம் நடக்கிற வழியின் கீழே யாரோ ஒருவருடைய அடுப்பங்கரை இருந்தது.

"என் பணம், என் வாடகை. நான் யாரையும் துரத்தவில்லையே. நான் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுப்பார்" என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு வாரம் தங்குவதால் ஒரு நகரத்தின் வாடகை ஏறிவிடாது. ஆயினும் பெத்லேகேம் சத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அன்றிரவு அதை நிரப்பியிருந்தவர்கள் துஷ்டர்கள் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. முந்தி வந்தார்கள், இடம் பிடித்தார்கள், தூங்கினார்கள். கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள்மேல் நாம் குற்றம் சுமத்துவதில்லை. ஆனால் அவர்களில் ஒருவராக இருக்க நாம் விரும்புவதுமில்லை. தெரியாதவனுக்குக் குற்றமில்லை, தெரிந்துகொள்ள மனமில்லாதவனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அப்படியானால் மடத்தில் தங்கிவிட்டால் கவலையில்லையா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. 2013-ம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் உரோமாபுரியில் சேசுசபையார் நடத்தும் அகதிகள் நிலையத்துக்குச் சென்றபோது, காலியாகக் கிடக்கும் மடங்கள் விடுதிகளாகிப் பணம் சம்பாதிப்பதற்கல்ல, அகதிகளுக்கே உரியவை என்னும் கருத்தைக் கூசாமல் எடுத்துரைத்தார். ஆகவே மடம் என்ற பெயர் மட்டும் போதாது. சகோதரிகள் அங்கே உண்மையாகவே வாழ்ந்து, ஜெபித்து, வந்தவரை வரவேற்கிறார்களானால் அது நல்ல இடம். அங்கே இரவில் குறித்த நேரத்தில் கதவை அடைப்பார்கள். அந்த நேரத்தை மதித்து நடப்பதே யாத்திரிகனுக்குத் தகுந்த சிறு ஒறுத்தல்.

அதே பாப்பரசரின் சொந்த வாழ்க்கையே இவ்விஷயத்தில் நமக்குப் பாடம். 2013 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாள், தாம் முன்பு தங்கியிருந்த குருக்கள் விடுதிக்குப் போய், தம் பெட்டியை எடுத்துக்கொண்டு, தங்கியதற்கான பணத்தைத் தாமே செலுத்தினார். பிறகு அப்போஸ்தலிக்க அரண்மனையிலுள்ள பாப்பரசரின் அறைகளுக்குக் குடிபோகாமல், சாந்த மார்த்தா விருந்தினர் இல்லத்திலேயே 2025 ஏப்ரலில் மரிக்கும் வரையில் வாழ்ந்தார். காரணம் கேட்டபோது, அரண்மனை ஆடம்பரமாக இருப்பதால் அல்ல, மனிதர் நடுவே இராமல் தம்மால் வாழ முடியாது என்பதாலேயே என்று விளக்கினார். எந்த அறை எளியது என்பதைவிட, எந்த அறையில் மனிதர் கண்ணில் படுவார்கள் என்பதையே அவர் பெரிதாக எண்ணினார்.

அர்ச். சின்னப்பரும் அவ்வாறே. உரோமாபுரியில் இரண்டாண்டு தம் சொந்தச் செலவில் வாடகை வீட்டில் இருந்து, தம்மிடம் வந்த எல்லாரையும் ஏற்றுக்கொண்டார் என்று அப்போஸ்தலர் நடபடி முடிகிறது. கைதியாயிருந்தும் அவர் கதவு திறந்திருந்தது. அர்ச். பிலிப்பு நேரியாரோ, குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே, 1548-ல் தமதிரித்துவ சபையை ஆரம்பித்து, 1550-ம் ஆண்டின் ஜூபிலிக்கு வந்த ஏழை யாத்திரிகருக்குப் படுக்கையும் உணவும் அளித்தார். அந்த இல்லத்தில் வந்தவர்களின் பாதங்களை உரோமாபுரியின் பிரபுக்களும் கர்தினால்மாரும் கழுவினார்கள்.

இவற்றிலிருந்து நான் கற்றுக்கொள்வது ஒன்றே. தங்குமிடம் என்பது ஒரு கட்டில் மட்டுமல்ல. மனிதருக்கு மனிதர் ஏற்படுத்திக்கொள்ளும் உறவு. ஆதலால் இடம் தேடும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். நம்மில் மிகவும் பலவீனமானவரால் இங்கிருந்து கோவிலுக்குப் போக முடியுமா? இங்கே நம்மை ஏற்றுக்கொள்ளும் மனிதர் யாராவது இருக்கிறார்களா, அல்லது வெறும் சாவிதானா? நமக்கு இந்த இடம் கிடைப்பதற்காக யாராவது தம் இடத்தை இழந்திருக்கிறார்களா? விதவை ஒருத்தி தன் வீட்டின் ஓர் அறையை விட்டு, தானும் அங்கேயே வாழ்ந்தால், அந்த வாடகை அவளுக்கு உதவி. வீட்டுக்காரர் இல்லாத வீடோ வேறு காரியம். மூன்றாம் கேள்விக்கு முழுப் பதில் எப்போதும் கிடைக்காது. ஆயினும் கேட்கிறவன் வேறு விதமாக நடந்துகொள்வான். படிக்கட்டில் இரவில் சத்தமிட மாட்டான். அண்டை வீட்டாருக்கு வணக்கம் சொல்லுவான். தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்குவான். அந்தப் பங்குக் கோவிலின் சாதாரணப் பூசையில் அவ்வூர் மக்களோடு முழந்தாளிடுவான்.

அன்று முகப்பில் நான்கு பேர் பேசினார்கள். தகப்பனார் ஒறுத்தலையும், மகன் வசதியையும், தாயார் பாதுகாப்பையும் நினைத்தார்கள். சரியான கேள்வியைக் கேட்டவர் பாட்டியம்மாள் ஒருவரே. காலையில் பூசைக்கு நடந்து போக முடியுமா என்றார் அவர். அதற்காகத்தானே இத்தனை தூரம் போகிறோம்? அந்தக் கேள்வியில் தொடங்கி இடம் தேடுங்கள் என்று, இந்த ஞாயிறு அவர்களைக் கண்டால் சொல்லப்போகிறேன்.