பதினைந்து மைல் வேகத்தில் ஓர் ஊர்

ஃப்ளோரிடாவின் நடுப்பகுதியில் ‘தி வில்லேஜஸ்’ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்காகவே கட்டப்பட்ட ஊர். 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 79,000. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 1,30,000 பக்கம் வரும். 2010க்கும் 2020க்கும் இடையில் அமெரிக்காவின் பெருநகர்ப் பகுதிகளிலேயே அதிவேகமாக வளர்ந்தது இதுதான். ஆனால் அந்த ஊரின் அடையாளம், நம்மூர் சைக்கிள்காரர் ஒருவர் கொஞ்சம் மூச்சுப் பிடித்தால் எட்டிவிடக்கூடிய வேகத்தில் போகும் கோல்ஃப் கார்ட்.

பெயர்தான் கோல்ஃப் கார்ட். அதில் ஏறுகிறவர்கள் மளிகைக் கடைக்கும், மருத்துவரிடமும், சர்ச்சுக்கும், சாயங்காலம் சதுக்கத்தில் நடக்கும் நடனத்துக்கும் போகிறார்கள். ஊர் முழுக்க நூறு மைலுக்கு மேல் கார்ட் பாதைகள். நெடுஞ்சாலையைக் கடக்க கார்ட்டுக்கென்றே தனிப் பாலம். பழைய கால கார் போல உருமாற்றிய கார்ட்டுகளையும் பார்க்கலாம். 2005இல் 3,321 கார்ட்டுகளை வரிசையாக ஓட்டி கின்னஸ் சாதனை வேறு செய்தார்கள். 2020இல் வெளியான ‘சம் கைண்ட் ஆஃப் ஹெவன்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரின் விசித்திரம் புரியும். அதைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. வீடு விற்கும் கம்பெனி ஒன்று கட்டிய ஊர் அது. குழந்தைகள் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாத ஊர் என்பதே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் போக்குவரத்து விஷயத்தில் தெரிந்தோ தெரியாமலோ அவர்கள் ஒன்றைச் சாதித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களில் எழுகிற ஒரு சின்னக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கோல்ஃப் கார்ட்டுக்குப் பதிலாக யுடிவி வைத்துக்கொண்டால் என்ன?

யுடிவி என்றால் பண்ணையிலும் காட்டிலும் ஓடுகிற வேலை வண்டி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், பின்னால் சாமான் போட ஒரு தொட்டி, தடித்த டயர், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. கவாசாகி 1980களின் இறுதியில் ‘மியூல்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. மியூல் என்றால் கோவேறு கழுதை, பொருத்தமான பெயர்தான். பிறகு ஜான் டியர் தன் ‘கேட்டர்’ வண்டியையும், போலாரிஸ் ‘ரேஞ்சர்’ வண்டியையும் இறக்கின. கழுதையில் ஆரம்பித்து முதலை வழியாக வனக்காவலர் வரை வந்துவிட்டார்கள். கழுதை காலத்து வண்டிகள் 25 மைல் வேகத்தோடு நின்றன. இன்றைய பெரிய ரேஞ்சர் மணிக்கு 60 மைலைத் தொடும்.

யுடிவி கேட்பவரை முரடன் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சொல்கிற காரணங்கள் எல்லாம் நியாயமானவை. தோட்டத்துக்கு மண் மூட்டை ஏற்றணும். மேடு பள்ளத்தில் கார்ட் திணறுகிறது. மழை, குளிருக்குக் கதவு வைத்த கேபின் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அதில் சீட் பெல்ட் இருக்கிறது, கூண்டு இருக்கிறது. சாதாரண கோல்ஃப் கார்ட்டில் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. பல கார்ட்டுகளில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். சட்டென்று வளைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வெளியே விழுவது அந்த வண்டியின் நன்கு அறியப்பட்ட ஆபத்து. எழுபத்தைந்து வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். “பாதுகாப்பான வண்டி கேட்கிறேன், இதில் என்ன தப்பு?” என்று அவர் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

சரி, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்ஜினியரிங் படித்ததற்கு அந்த அளவாவது பிரயோஜனம் வேண்டாமா?

கார்ட் 450 கிலோ, இரண்டு பேர் 150 கிலோ, மொத்தம் 600. மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 24,000 ஜூல். யுடிவி 750 கிலோ, அதே இரண்டு பேர், மொத்தம் 900. அதே வேகத்தில் போனால் 36,000 ஜூல், ஒன்றரை மடங்கு. ஆனால் 40 மைல் போகக்கூடிய வண்டியை 40இல் ஓட்டினால் 1,44,000 ஜூல். ஆறு மடங்கு. எடை ஒன்றரை மடங்கு கூட்டியது, வேகம் நான்கு மடங்கு கூட்டியது. பிரச்சினை எங்கே இருக்கிறது என்று இந்த எண்களே காட்டிவிடுகின்றன.

அந்த ஆறு மடங்கு ஆற்றல் மோதும்போது யார் மேல் இறங்கும்? கூண்டுக்குள் பெல்ட் போட்டவர் மேல் குறைவாக. எதிரே கார்ட்டில் வருபவர் மேல் அதிகமாக. அதே பாதையில் வாக்கிங் போகிறவர் மேல் முழுதாக. அந்த ஊர்ப் பாதைகள் பலவற்றில் கார்ட்டும் சைக்கிளும் நடப்பவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். நான் எனக்கு வாங்கிக்கொள்ளும் பாதுகாப்பின் ஒரு பகுதியை அடுத்தவரின் கணக்கிலிருந்து எடுக்கிறேன். அமெரிக்கச் சாலைகளில் எஸ்யூவிகள் பெருத்துக்கொண்டே போனதன் கதையும் இதுதான். பக்கத்து வண்டி பெரிதாக இருக்கிறதே என்று பயந்து நானும் பெரிதாக வாங்குகிறேன். என்னைப் பார்த்து மூன்றாமவர். கடைசியில் எல்லாரும் பெரிய வண்டியில் போகிறோம், பழைய பயத்தோடு.

பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1973இல் ஐஸ் ஹாக்கி ஹெல்மெட் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்கள் தாங்களாக ஹெல்மெட் போட மாட்டார்கள். போட்டால் பார்வை கொஞ்சம் மறைக்கும், கோழை என்ற பேச்சும் வரும். ஆனால் எல்லாருக்கும் கட்டாயமாக்கலாமா என்று ரகசியமாகக் கேட்டால் ஆம் என்பார்கள். தனித்தனியாக எடுக்கும் முடிவும் சேர்ந்து எடுக்கும் முடிவும் ஒரே மனிதரிடமே எதிரெதிராக இருக்கலாம், இரண்டுமே நேர்மையாகவும் இருக்கலாம். நம் யுடிவிக்காரர் ஹாக்கிக் கதையைத் திருப்பிப் போட்டவர். அவர் தனியாக எடுக்கும் முடிவு கவசம். ஆனால் “எல்லாரும் 20 மைலுக்குள் போகிற ஊர் வேண்டுமா, எல்லாரும் கூண்டு வண்டியில் 40இல் போகிற ஊர் வேண்டுமா?” என்று கேட்டால் அவரே முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார் என்று நினைக்கிறேன். இரண்டாவதில் வாழ அந்த ஊருக்கு வரவேண்டிய அவசியமே இல்லையே. அவர் விட்டுவந்த ஊர் அப்படித்தானே இருந்தது.

இவான் இல்லிச்சை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1970களில் எழுதிய ‘எனர்ஜி அண்ட் ஈக்விட்டி’ என்ற சிறு நூலில், ஏறக்குறைய மணிக்கு 15 மைலைத் தாண்டிப் போகும் போக்குவரத்து சமத்துவத்தைக் குலைக்கிறது என்றார். அந்த வரம்புக்கு மேல் ஒருவர் மிச்சப்படுத்தும் நேரம் வேறு யாரிடமிருந்தோ பறிக்கப்பட்டதாகிவிடுகிறது என்பது அவர் வாதம். நானே முதலில் படித்தபோது சைக்கிள் பித்துப் பிடித்த சாமியார் என்றுதான் நினைத்தேன். கோல்ஃப் மைதானத்துக்கான கார்ட்டுகளுக்கு அமெரிக்கத் தொழில்துறையே வைத்துக்கொண்ட தர வரம்பு என்ன தெரியுமா? அதே 15 மைல். தற்செயல்தான். இல்லிச் வெறுத்திருக்கக்கூடிய வீடு விற்கும் வியாபாரம், அவர் சொன்ன வேகத்தை ஒட்டி ஓர் ஊரைக் கட்டிவிட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வேகம் குறைவாக இருந்தால் தவறுக்கு இடம் இருக்கிறது. கண் மங்கியவர், காது கேட்காதவர், பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதமாகிறவர் எல்லாரும் அந்தப் பாதையில் தொடர்ந்து ஓட்ட முடிகிறது. ஃப்ளோரிடாவில் கோல்ஃப் கார்ட் ஓட்ட வயது வந்தவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் விதிகளை இறுக்கியபோதுகூட 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் லைசென்ஸோ பழகுநர் உரிமமோ கட்டாயமாக்கினார்கள். மற்றவர்கள் புகைப்பட அடையாள அட்டை வைத்திருந்தால் போதும். மகள் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகும் ஒரு பாட்டி தானே போய் ரொட்டி வாங்கி வரலாம். அமெரிக்கப் புறநகரில் கார் ஓட்ட முடியாதவர் வீட்டுச் சிறையில் இருப்பவர் மாதிரிதான். கார்ட் அவருக்கு இன்னும் சில வருடங்களைக் கொடுக்கிறது. அந்தச் சில வருடங்களுக்கு அவரைச் சுற்றி இருப்பவர்களும் மெதுவாகப் போயாக வேண்டும். அவர் மட்டும் மெதுவாகப் போய்ப் பயனில்லை.

இங்கே ஒரு வலுவான எதிர்க்கேள்வி வரும். “எண்பத்தாறு வயதுக்காரருக்காக ஐம்பத்தெட்டு வயதுக்காரன் ஏன் என் வாழ்க்கையைச் சுருக்கிக்கணும்?” சும்மா ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை. முதியோர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது முப்பது வருட இடைவெளியை. ஐம்பத்தெட்டில் இருப்பவர் நேற்றுவரை அலுவலகத்தில் நூறு பேரை மேய்த்தவர், மலையேறுகிறவர். அவரையும் எண்பத்தாறையும் ஒரே வேலிக்குள் வைத்தது ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். 1995ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி எண்பது சதவீத வீடுகளில் ஐம்பத்தைந்து தாண்டிய ஒருவராவது இருந்தால் அது முதியோர் குடியிருப்பு.

நார்மன் டேனியல்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர், மருத்துவ வளங்களை இளையோருக்கும் முதியோருக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு 1988இல் வந்த தன் நூலில் ஒரு வழி சொன்னார். இனமோ பாலினமோ போல வயதைப் பார்க்காதே என்றார். வேறு இனத்தவராக நாம் மாறப்போவதில்லை, ஆனால் எல்லாரும் முதுமையைக் கடக்கிறோம். ஆகவே அதை இரண்டு கூட்டங்களின் சண்டையாகப் பார்க்காமல், ஒரே மனிதர் தன் வாழ்நாள் முழுவதற்குமாக எப்படிப் பங்கிட்டுக்கொள்வார் என்று பார்க்கச் சொன்னார். சாலையில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அந்த ஊரில்தான் முதுமையைக் கழிக்கப்போகிறார். அதற்காகத்தான் வீடே வாங்கினார். இன்று அவர் மெதுவாக ஓட்டி விட்டுக்கொடுக்கும் ஐந்து நிமிடம், எண்பத்தாறில் தான் கார்ட்டில் ரொட்டிக்கடைக்குப் போவதற்கான சந்தா. டேனியல்ஸின் வாதம் நாடு முழுவதற்கும் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு, பலருக்கு அந்த எண்பத்தாறு கிடைப்பதே இல்லை. ஆனால் முதுமைக்கென்றே தேர்ந்தெடுத்து வந்த ஊரில் அது பிசகில்லாமல் பொருந்துகிறது.

இந்த வாதம் யுடிவி என்ற வண்டிக்கு எதிரானது இல்லை, கவனியுங்கள். வேகத்துக்கும் எடைக்கும்தான் எதிரானது. ஆனால் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. ஃப்ளோரிடா சட்டத்தில் கோல்ஃப் கார்ட் என்பது கோல்ஃப் மைதானத்துக்காக வடிவமைக்கப்பட்ட, 20 மைலைத் தாண்டாத வண்டி. யுடிலிட்டி வண்டி என்பது பராமரிப்பு, காவல், தோட்ட வேலை ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டது. ஒன்று விளையாட்டு, மற்றொன்று வேலை. ரொட்டி வாங்கப் போவது இரண்டிலும் இல்லை! எங்கள் தொழிலில் இந்தச் சண்டை பழையது. ஒரு பொருளை அதன் பெயரை வைத்து வகைப்படுத்துவதா, அது என்ன செய்கிறது என்பதை வைத்தா? வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரி கத்தினால் வாத்து என்று வைத்துக்கொள்கிற நிரல்மொழிகள் உண்டு. என் ஓட்டு இந்த விஷயத்தில் வாத்துக் கட்சிக்கே. 20 மைலில் பூட்டப்பட்ட, எடை குறைந்த, பெல்ட் வைத்த யுடிவியைத் தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் நாலு எண்ணை மாற்றி 30 மைல் போகவைத்த கார்ட்டை அனுமதிக்கவும் காரணம் தெரியவில்லை. கார்ட்டிலேயே பெல்ட்டைக் கட்டாயமாக்கினால் யுடிவிக்காரரின் சிறந்த வாதம் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அதை ஏன் இன்னும் செய்யவில்லை என்றுதான் அவர் திருப்பிக் கேட்க வேண்டும், அதில் நானும் அவர் பக்கம்.

நடுவில் ஒரு வண்டியும் இருக்கிறது. 1998இல் கூட்டாட்சி அரசு ‘லோ ஸ்பீட் வெஹிக்கிள்’ என்று ஒரு வகையை உருவாக்கியது. 20 மைலுக்கு மேல், 25க்குள். முகவிளக்கு, இண்டிகேட்டர், கண்ணாடி, சீட் பெல்ட் எல்லாம் கட்டாயம். கார்ட்டின் வேகத்தையும் காரின் பாதுகாப்பையும் சேர்த்த நல்ல சமரசம், பொறியாளர் மனசுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதற்கு நம்பர் பிளேட் வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும். சாவியை மகளிடம் கொடுத்துவிட்ட பாட்டி அதில் ஏற முடியாது. பெல்ட் இல்லாத, பின்சக்கர பிரேக் மட்டும் உள்ள பழைய கார்ட்தான் அவருக்கு மிச்சம்.