ரிப்பன் எதற்கு?

பகவான் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிறான் என்றால், கண்ணுக்குத் தெரியும்படி வெளியேயும் ஒரு வடிவெடுத்து நிற்பானேன்? நவராத்திரிக்கு மரப்பாச்சிப் பெருமாளுக்கும் தாயாருக்கும் மாலை கோத்துக்கொண்டிருந்தபோது என் தம்பி பிள்ளை இதைத்தான் கேட்டான். "அத்தை, கீதை ஏழாம் அத்தியாயத்தில அவனே சொல்லிட்டானே, நூல்ல மணி கோத்த மாதிரி எல்லாம் என்கிட்ட கோத்திருக்குன்னு. நூல் உள்ளேதானே இருக்கு? அதைத் தெரிஞ்சுண்டா போறாதா? கோவில், விக்ரகம், இத்தனை அலங்காரம் எல்லாம் எதுக்கு?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. படித்த பிள்ளை, உண்மையாகவே யோசித்துக் கேட்டான். அதனால் நானும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதிலுக்கு உதவியது மடியில் கிடந்த மாலைதான்.

அது சாதாரண மணிமாலை இல்லை, ரிப்பன் மாலை. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். கால் அங்குல சாட்டின் ரிப்பன் ஒரு மீட்டர் இருந்தால் பொம்மைக்குத் தாராளம். முனை பிரியாமல் இருக்க விளக்குச் சுடரில் லேசாகக் காட்டி எடுப்பேன். பின்னால் முடிச்சுப் போட ஒரு சாண் விட்டுவிட்டு, இரட்டை நூல் கோத்த ஊசியை ரிப்பனின் நடுவில் குத்தி எடுத்து, ஒரு மணியைக் கோக்க வேண்டும். ரிப்பனை அந்த மணியின் மேலாக வளைத்து, மணி முடிகிற இடத்தில் மறுபடி ரிப்பனில் ஊசியைக் குத்த வேண்டும். அடுத்த மணிக்கு ரிப்பன் கீழாக வளையும், அதற்கடுத்ததற்கு மேலாக. ரிப்பனை இறுக்கினால் மாலை சுருண்டுகொள்ளும், தளர்த்தினால் மடிப்பெல்லாம் தொங்கும். மணியின் வயிறு கேட்கிற அளவுக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த அளவு விரலுக்குப் பழகுவதற்குக் கொஞ்ச நாளாகும்.

இந்த மாலையில் நூல் உள்ளே மறைந்திருக்கிறது. ரிப்பன் வெளியே நின்று ஒவ்வொரு மணியையும் அணைத்துக்கொண்டு போகிறது. ஊசி மணியையும் துளைக்கிறது, ரிப்பனையும் துளைக்கிறது. உள்ளே போன அதே நூல்தான் வெளியே இருக்கிற ரிப்பனையும் பிடித்திருக்கிறது. நூலை உருவிவிட்டால் ரிப்பனுக்கு ஒரு மணியைக்கூடத் தாங்கத் தெரியாது. மாலையை அவனிடம் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொன்னேன்.

எங்கள் ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயத்தில் எம்பெருமானுக்கு ஐந்து நிலை சொல்வார்கள்: பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை. எங்கள் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசனபூஷணம் என்ற நூலில் இந்த ஐந்தையும் தாகம் எடுத்தவனுக்கு எதிரே வைத்துப் பார்க்கிறார். பரமபதத்தில் இருப்பவன் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர். வியூகம் பாற்கடல். ராமனாகவும் கண்ணனாகவும் வந்தது வெள்ளம் பெருகி ஓடிய ஆறு, அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிற அந்தர்யாமி நிலத்தடி நீர். காலடியிலேயே இருக்கிறது, ஆனால் தோண்டக் கருவியும் பலமும் வேண்டும். அர்ச்சை, அதாவது விக்ரகம், ஆறு வடிந்த பிறகு அதில் தேங்கி நிற்கிற மடு. குனிந்து கையால் அள்ளிக் குடிக்கலாம். கோடையில் காவிரி மணலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிலத்தடி நீரை அவர் பொய் என்று சொல்லவில்லை, மட்டமென்றும் சொல்லவில்லை. தோண்ட முடியாதவன் என்ன செய்வான் என்றுதான் கவலைப்படுகிறார். தத்துவம் பேசுகிற பலர் அந்த ஆளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். விக்ரகம் மந்தபுத்திக்காரர்களுக்கு, உள்ளே உணர்வது ஞானிகளுக்கு என்று பிரித்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். லோகாசாரியரைவிடப் பெரிய ஞானியை எனக்குத் தெரியாது, அவர் என்ன செய்தார்?

1323ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, அங்கே உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தள்ளாத வயதில் தெற்கே புறப்பட்டார். வழியில் திருடர்கள் நகைகளைப் பறித்தபோது, தன்னிடம் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நகை போனால் போகட்டும், பெருமாள் போகக்கூடாது. மதுரைக்குப் பக்கத்தில் ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு அலங்கரித்தார், அதாவது உடலை விட்டார். நம்பெருமாள் ஊர் ஊராகப் போய், 1371ல்தான் திரும்பி வந்தார். கல்லிலும் புல்லிலும் அவனே உள்ளே இருக்கிறான் என்று சந்தேகமில்லாமல் எழுதியவர், ஓர் உலோகத் திருமேனிக்காக உயிரைப் பணயம் வைத்தார். உள்ளே இருப்பவன் ஒருவன், வெளியே நிற்பவன் வேறொருவன் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அந்த நடை நடந்திருக்கவே முடியாது.

ஸ்ரீரங்கத்தில் பவித்ரோத்சவத்தின்போது எங்கள் மூலவர் பெரிய பெருமாளின் திருமேனி முழுக்க நூலிழையாலேயே மூடியிருக்கும். பூச்சாண்டி சேவை என்று ஊரில் சொல்வோம். பூவும் இல்லை, மணியும் இல்லை, நூல்தான் அலங்காரம். உள்ளே கிடந்த நூல் அன்றைக்கு வெளியே வந்து நிற்கிறது. அதைச் சேவிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பெருமாளே ஒரு பதில் வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பேன்.

தம்பி பிள்ளை விடவில்லை. "சரி அத்தை, விக்ரகத்தில பகவானைப் பார்க்கறவா பக்கத்து மனுஷாகிட்ட பார்க்கறாளா?" என்றான். இது நியாயமான கேள்வி, முதல் கேள்வியைவிடக் கடினமானதும்கூட. லோகாசாரியரும் அதை விட்டுவைக்கவில்லை. அர்ச்சாவதாரம் எந்த உலோகத்தால் ஆனது என்று ஆராய்வதே மகாபாபம், அடியாருடைய பிறப்பை ஆராய்வது அதைவிடக் கொடுமை என்று அதே நூலில் எழுதியிருக்கிறார். நூல் எழுதி எழுநூறு வருஷமாகிறது. அதைப் பாராயணம் பண்ணுகிற வீடுகளில்கூட அந்த வரியை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த மாலைக்கான ரிப்பனைத் தெப்பக்குளத்தருகே ஒரு ஃபேன்ஸி கடையில் வாங்குவேன். மணி மட்டும், கோவில் வாசலில் துணி விரித்துப் பாசிமணி விற்கிற நரிக்குறவர் பெண்ணிடம்தான். துளை சரியில்லாத மணியை அவளே பொறுக்கி ஒதுக்கிவிடுவாள். ஊசி நுழையுமா என்று என்னைவிட அவள் கண்ணுக்குத்தான் தெரியும். கொலுவுக்கு அவளைக் கூப்பிடுவேன், வருவாள். மரப்பாச்சித் தாயார் கழுத்தில் தன் மணிகளைத் தேடிக் கண்டுபிடித்து, முடிச்சு தளர்ந்திருந்தால் இறுக்கியும் விடுவாள். போன வருஷம் ஒரு மாமி என்னைச் சமையலறைக்குத் தனியாக அழைத்து, "இவா யாரு?" என்று கேட்டாள்.

"சேவிக்க வந்திருக்கா" என்றேன். மாமி மேலே ஏதோ கேட்க வந்தாள். நான் வெற்றிலைபாக்குத் தட்டை அவள் கையில் கொடுத்து, கூடத்துக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு முதலில் கொடுக்கச் சொன்னேன்.